கண் பார்த்தால் போதுமா?



நெருப்பெரிச்சலில் வாழும் நமக்குப் பனியன் கம்பெனிகளின் செக்கிங் டேபிள் புதிதல்ல. துணியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடு, புதிதாக வேலைக்கு வந்தவரின் கண்ணில் படுவதே இல்லை. அனுபவசாலியோ அதைக் கண்டதும், நிட்டிங் மெஷினில் ஊசி பழுதாகியிருக்கலாம் என்கிறார். குறுக்குவாக்கில் பட்டை தெரிந்தால் நூலைச் சந்தேகிக்கிறார். இருவருக்கும் நல்ல கண்பார்வைதான். கண்டதைப் பிரித்தறிந்து காரணத்தோடு இணைக்கும் பழக்கமே வேறுபடுகிறது.

இது பழைய கேள்வி. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பார்த்துப் பிரித்தறிவார். அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமல் கண்ணாலேயே அவற்றை இனங்காண்பாரா? 1688-இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் மாலினோ, தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் இவ்வாறு கேட்டார்.

இதற்கான விடை நம் நாட்டிலிருந்தும் வந்தது. பேராசிரியர் பவன் சின்காவின் 'பிரகாஷ்' திட்டத்தின் வழியாக டெல்லியில் கண் அறுவை சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரிடம் ஆய்வு நடந்தது. 2011-இல் அதன் முடிவு வெளியானது. பார்வை கிடைத்த உடனே, கையால் அறிந்த பொருளைக் கண்ணால் சரியாகத் தேர்ந்தெடுக்க அவர்களால் முடியவில்லை. ஆனால் மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள், சில நாள்களிலேயே நன்கு முன்னேறியிருந்தனர். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. தொடுதலையும் பார்வையையும் இணைக்க மனதுக்குச் சிறிது காலம் தேவைப்பட்டது.

பெத்சாய்தாவில் இயேசு குணப்படுத்திய பார்வையற்றவரை நினைத்துப் பாருங்கள் (மாற்கு 8:22-26). முதலில் மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலவே அவருக்குத் தெரிந்தார்கள். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மீண்டும் கைகளை வைத்தார். அதன் பின்னரே எல்லாம் தெளிவாயிற்று.

நாமோ அவசரப்படுகிறோம். கரும்பலகையில் உள்ள எழுத்து தெரியாத பிள்ளை 'மக்கு' என்று பெயர் வாங்குகிறது. காது மந்தமான பிள்ளை, சொல் பேச்சு கேட்காத பிள்ளை ஆகிவிடுகிறது. புலன் வழியே செய்தி சரியாகச் சென்று சேராதபோது, சிந்தனையைக் குறை சொல்வது நியாயமா? புலன் குறைபாடு உள்ளவர்களும் ஆழ்ந்து சிந்திக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

எனவே, படிப்பில் பின்தங்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அதன் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுவோம். குறை எதுவும் இல்லையெனில், அருகில் அமர்ந்து பொறுமையாகப் பழக்குவோம். செக்கிங்கில் புதியவருக்குச் சில வாரங்கள் தருகிற நாம், நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கால அவகாசத்தைத் தருவோமா?