உஷார்! 'மழையே போதும்' என்று மாந்தோப்பு விற்கிறார்கள்

திருநீர்மலை, பம்மல், குரோம்பேட்டைக்காரர்களே, கொஞ்சம் உஷார்! 'மதுராந்தகம் தாண்டி ஒரு ஏக்கர், மாங்கன்று நட்டே தருகிறோம், மழையே போதும்' என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் நீட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ஏக்கருக்கு எத்தனை கன்று?

674 என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அது 3-க்கு 2 மீட்டர் இடைவெளியில் நடும் அடர்நடவுக் கணக்கு. சொட்டுநீர், அதன் வழியே உரம், வருஷா வருஷம் கவாத்து எல்லாம் இருந்தால்தான் அது தேறும். மானாவாரிக்கு 10 மீட்டருக்கு ஒன்று, ஏக்கருக்கு 40 மரம் என்ற பழைய கணக்குதான் சரி. நடுவில் கிடக்கும் இடத்தைப் பார்த்து மனம் பதறலாம், பதற வேண்டாம். மா காய்த்துக் காசு தரும் வரை நிலத்தைக் காப்பாற்றுவது அந்த இடம்தான்: ஆடியில் வேர்க்கடலை, புரட்டாசியில் உளுந்து அல்லது கொள்ளு. சோளம், ஆமணக்கு மாதிரி உயரமாக வளர்வதைக் கன்றுக்குப் பக்கத்தில் விதைக்கவே கூடாது. வெயிலையும் ஈரத்தையும் அதுவே பிடுங்கிக்கொள்ளும்.

நம் பக்கத்து மழையின் சுபாவம் நமக்கே தெரியும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே வந்து தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தால் ஆனி வரை வானம் வெளுப்புதான். கார்த்திகையில் நட்ட கன்று வேர் இறக்குவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். காய்ந்த மண்ணில் கரையானும் ஏறும். அதனால் ஆடி, ஆவணி மழையிலேயே நட்டுவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைப் புதைத்து நிரப்பினால் கொஞ்சத் தண்ணீரே பல நாள் தாங்கும். குஜராத்தின் வான்ஸ்டா பகுதியில் 1982-இல் மணிபாய் தேசாயின் பாயிஃப் நிறுவனம் தொடங்கிய 'வாடி' முறையில் பழங்குடி விவசாயிகள் ஏக்கர் நிலத்தில் மாவும் முந்திரியும் வைத்து, இடையில் பயிர் செய்து, சுற்றிலும் வேலிமரம் வளர்த்தார்கள். மழையை நம்பிய அந்தத் திட்டத்திலும் கன்றுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறார்கள். 'மழையே போதும்' என்பது பச்சைப் பொய்.

வேலி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடலை பிடுங்கியதும் ஊர் ஆடு மாடுகள் காட்டுக்குள் இறங்கும். அது காலங்காலமான வழக்கம், மேய்ப்பவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சனி, ஞாயிறு மட்டும் போய்ப் பார்க்கிறவருக்குத் திங்கட்கிழமை கடித்த கன்று அடுத்த வாரம்தான் தெரியும்.

உழவு ஓட்டும் அன்று கட்டாயம் கூடவே நில்லுங்கள். ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர் வேகமாக முடிக்கப் பார்ப்பார். மேல்மண்ணில் ஓடும் வேர்கள் அறுந்துபோகும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டராவது விடச் சொல்லுங்கள், மரம் வளர வளர அதைக் கூட்டுங்கள். இடைப்பயிருக்குக் களைக்கொல்லி அடித்தால் காற்றில் மாந்தளிரும் கருகும். கையால் களை எடுப்பதே நல்லது.

கன்று வாங்கும்போது குனிந்து அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடா இன்னும் சுற்றியிருக்கிறதா? ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் அதை அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டு பருக்கப் பருக்க அது கழுத்தை நெரிக்கும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பங்கனப்பள்ளி அல்ல, அடியில் இருக்கும் நாட்டு மா. பார்த்தவுடன் கிள்ளி எறியுங்கள்.