மோட்டார் சைக்கிளின் ஓசையும் சட்டத்தின் எல்லையும்

விலை கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிளை விரும்பியவாறு மாற்றியமைக்க உரிமையாளருக்கு உரிமை இல்லையா என்னும் வினா பள்ளியிலும் பட்டறையிலும் அடிக்கடி எழுவதாகும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு வரம்பு கட்டியுள்ளது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை வலியுறுத்திற்று. மாற்றுத்திறனாளிகளின் பொருட்டு வண்டியைத் தகவமைப்பதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதலுடன் இடமுண்டு; இது நியாயமான விலக்கே.

இத்தடைக்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. ஒவ்வொரு வகை வண்டியும் விற்பனைக்கு வருமுன் அரசாங்க அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதிக்கப்படுகிறது. ஆங்குத் தேறுவது முழு வண்டியேயன்றித் தனி உறுப்பு அன்று.

சைலன்சர் என வழங்கும் ஒலியடக்கியை எடுத்துக்கொள்வோம். எஞ்சினிலிருந்து வெடித்து வெளிப்படும் வாயு, அதனுள் அமைந்த அறைகளையும் துளையிட்ட குழாய்களையும் கடந்து வருகையில், ஒலியலைகள் எதிரொலித்து ஒன்றையொன்று தணிக்கின்றன. பல வண்டிகளில் நச்சுவாயுக்களை மாற்றும் வினையூக்கியும் இக்குழாய்த் தொடரிலேயே உள்ளது. குழாய்த் தொடர் முழுவதையும் அகற்றி வெற்றுக்குழாய் பொருத்துவோர் ஓசையை மட்டுமா பெருக்குகின்றனர்? கார்பன் மோனாக்ஸைடையும் தடையின்றி வெளியே விடுகின்றனர்.

2005 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், புதிய இருசக்கர வண்டிகளுக்கு 80 கன சென்டிமீட்டர் வரை 75 டெசிபெல், 175 வரை 77, அதற்கு மேல் 80 என வகுத்தன. வண்டி செல்லும் கோட்டினின்று 7.5 மீட்டர் தொலைவில் இவ்வொலி அளக்கப்படும். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். செவிக்கோ ஏறத்தாழ இருமடங்காகவே தோன்றும். ஆதலின் ‘சற்றே கம்பீரமாக ஒலிக்கிறது’ என்னும் ஓட்டுநரின் சாட்சியத்தை நாம் ஏற்பதற்கில்லை.

சட்டவிரோதமாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதித்தது. பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனுக்கும் தடை உண்டு.

ஆசிரியர்கள் இதனை ஒரு கணக்காகவே மாணவர்க்குக் கொடுக்கலாம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலியளவு சுமார் 6 டெசிபெல் குறையும். எனவே 7.5 மீட்டரில் 80 டெசிபெல் எழுப்பும் வண்டி, 60 மீட்டருக்கு அப்பாலுள்ள வகுப்பறைச் சன்னலில் சுமார் 62 டெசிபெல்லாகக் கேட்கும். ஒலியடக்கியை மாற்றி 10 டெசிபெல் கூட்டினால் அது 72 ஆகும். பள்ளியைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்தில் பகல் நேரச் சராசரிக்கு விதிக்கப்பட்ட வரம்போ 50 டெசிபெல்லே.