ஒளிக்கும் ஓர் ஒத்து

நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் பலர் கவனிப்பதில்லை. அவர் ராகம் வாசிப்பதில்லை. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சுருதியைப் பிடித்து நிற்பதே அவர் பணி. இக்காலத்தில் பெரும்பாலும் சுருதிப்பெட்டி அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் நாகசுரம் சிறிது பிசகினாலும் அதனைக் காட்டிக்கொடுப்பது அந்த மாறாத ஒலியே. கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியே வரும் ஒளியைப் படிக்கும் கருவிகளிலும் இத்தகைய ஓர் ஒத்து உண்டு. அம்முறைக்கு ஹோமோடைன் என்று பெயர். 'ஹோமோ' என்னும் கிரேக்கச் சொல் 'ஒரே' என்று பொருள்படும். தமிழில் ஒத்தலை முறை என்றால் பொருந்தும்.

ஒளிக்கு ஒத்து எதற்கு? இழைகளில் செல்லும் அகச்சிவப்பொளி வினாடிக்கு ஏறத்தாழ 193 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அவ்வதிர்வைத் தொடர்ந்து செல்ல எந்த ஒளியுணர்வியாலும் இயலாது. அது அளப்பது ஒளியின் செறிவை மட்டுமே. செறிவோ அலை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் +1 ஆயினும் −1 ஆயினும் வர்க்கம் 1 தானே? அலை முகடாக வந்ததா பள்ளமாக வந்ததா என்பது, அதாவது அலையின் கட்டம், அவ்விடத்திலேயே தொலைந்துபோகிறது. அதனால்தான் நெடுங்காலம் ஒளி உண்டு, ஒளி இல்லை என்னும் இரண்டைக் கொண்டே இழைகளில் செய்தி அனுப்பினர். விளக்கை மூடித் திறந்து சைகை காட்டுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இப்பொழுது, வரும் ஒளியின் அதே அதிர்வெண் கொண்ட வலிய ஒளியொன்றைப் பெறுமிடத்திலேயே உண்டாக்கி அதனுடன் கலப்போம். வரும் அலையின் உயரம் 1, உள்ளூர் அலையின் உயரம் 100 என்க. முகடும் முகடும் சேர்ந்தால் 101, வர்க்கம் 10201. முகடும் பள்ளமும் சேர்ந்தால் 99; வர்க்கம் 9801. வேறுபாடு 400! தனியே வந்திருந்தால் 1 என்று மட்டுமே காட்டியிருக்கும் நலிந்த ஒளி, தன் கட்டத்தையும் சொல்லிவிட்டது. பன்மடங்கு உரக்கவும் சொல்லிவிட்டது.

ஒரு சிக்கல் உண்டு. வரும் அலை கால் பங்கு முந்தினாலும் கால் பங்கு பிந்தினாலும் விடை 10001 தான். எனவே உள்ளூர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கால் அலை தாமதிக்கச் செய்து, இரண்டு இடங்களில் ஒப்பிடுகின்றனர். ஒன்று கொசைன் தரும். மற்றது சைன் தரும். இரண்டும் தெரிந்தால் கோணம் எது என்பதில் ஐயமில்லை.

1980களிலேயே இம்முறை ஆராயப்பட்டது. ஆனால் தனித்தனி லேசர்கள் இரண்டு ஒரே சுருதியில் நிலைத்து நிற்பது அரிது. அத்துடன் எர்பியம் கலந்த இழைப்பெருக்கி வந்து நலிந்த ஒளியை நேராகவே பெருக்கித் தந்ததால், ஒத்தலை முறை ஒதுக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டை ஒட்டி அது மீண்டும் எழுந்தது. லேசர்களின் சிறு பிசகை விரைந்த கணக்கிடு சில்லுகள் அவ்வப்போது திருத்திக்கொள்ளும் நிலை வந்ததே காரணம். நான்கு கட்டங்களை வேறுபடுத்த முடிந்தால் ஒரு துடிப்பு இரண்டு இலக்கச் செய்தியைச் சுமக்கும். அலையின் இரண்டு அதிர்திசைகளையும் பயன்படுத்தினால் நான்கு இலக்கம். புதிய இழை போடாமலே பழைய இழை கூடுதலாகச் சுமந்தது.

கட்டத்தைப் படிக்கத் தெரிந்தபின் இழையே ஓர் உணர்வியாகவும் ஆகிவிடுகிறது. முகடு பள்ளமாக மாறுவதற்கு இழை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீளவேண்டியதில்லை. மால்ட்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே 96 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி ஒன்று உண்டு. அதன் இழையில் மிக நிலையான லேசர் ஒளியை அனுப்பி, போய்த் திரும்பிய ஒளியைப் புறப்பட்ட ஒளியுடனேயே ஒப்பிட்டுப் பார்த்தனர். இங்கே ஒளிக்கு ஒத்து அதன் மூல ஒளியே. 2017 செப்டம்பரில் மால்ட்டாக் கடலில் 3.4 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது அந்த ஒப்பீட்டில் அலைகள் தெளிவாகப் பதிந்தன. அவ்விழை நிலநடுக்கத்தை அளப்பதற்காகப் போடப்பட்டதன்று.