பிரான்ஸ் கற்றுத் தந்த அவசரமில்லாத நடை!

"தினமும் நடக்கிறீங்களா?"

என் மருத்துவமனைக்கு வருகிற சர்க்கரை நோயாளிகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இது. பதிலும் எப்போதும் ஒன்றுதான். "எங்கே டாக்டர் நேரம்?" என்பார்கள். கொஞ்சம் தைரியசாலிகள், "கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகிட்டுத்தானே இருக்கேன்" என்பார்கள்.

நம் ஜனங்களுக்கு நடக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆவணி மாதத்தில் எங்கள் காரைக்கால் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். வேளாங்கண்ணிக்குப் போகிற கூட்டம் காவி உடுத்தி, வெறுங்காலோடு, கொப்புளம் வெடித்த பாதங்களோடு நடந்துகொண்டே இருக்கும். இறைவனைக் காண கைலாயத்துக்குத் தலையாலேயே நடந்துபோனார் என்று நாம் கொண்டாடுகிற காரைக்கால் அம்மையாரும் எங்கள் ஊர்க்காரர்தான்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் நடப்பதெல்லாம் ஒன்று நேர்த்திக்கடனுக்காக. இல்லாவிட்டால் டாக்டர் மிரட்டியதற்காக. சந்தோஷத்துக்காக, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, நாலு பேரோடு பேசிக்கொண்டு மெதுவாக நடப்பது என்கிற மூன்றாவது நடை நம் வீடுகளில் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அந்த மூன்றாவது நடையை நான் கற்றுக்கொண்டது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, பிரான்ஸ் தேசத்தில்!

நெடுங்காட்டுக்கும் பிரான்ஸுக்கும் என்ன உறவு?

புதுசாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கள் நெடுங்காடு காரைக்கால் பகுதியைச் சேர்ந்தது. 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் பலவும் அப்படி எழுதிக் கொடுத்தன. அதனால்தான் இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது பாரீஸில் இருப்பார்.

என் அக்கா வாக்கப்பட்டது அப்படி ஒரு சொல்தா குடும்பத்தில். அத்தானுக்கு அறுபத்து மூன்று வயது. பதினாலு வருஷமாகச் சர்க்கரை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சோபாவே கதி என்று ஆகிவிட்டார். அவர் மகள், என் மருமகள் முறை, கெட்டிக்காரி. 2023 ஜூன் மாதம் நான் அங்கே போயிருந்தபோது, "மாமா, நீங்க கூடப் போனாத்தான் அப்பா கிளம்புவார்" என்று சொல்லி, நாலு நாள் நடைப் பயணம் ஒன்றில் எங்கள் மூன்று பேருக்கும் பணம் கட்டிவிட்டாள்.

காவேரிக்காரன் லுவார் கரையில்...

பிரான்ஸின் மிக நீளமான நதி லுவார். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ப்ளூவா என்ற ஊரில் தொடங்கி, ஷோமோன் வழியாக, அம்புவாஸ் வரை ஆற்றை ஒட்டியே நடை. ஓவியர் லியானார்டோ டா வின்சி 1519-ல் உயிர் விட்ட ஊர் அந்த அம்புவாஸ்தான்.

ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. நம் பெட்டிகளை ஒரு வேன் அடுத்த தங்குமிடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். முதுகில் தண்ணீர், மாத்திரை, மழைக் கோட்டு மட்டும்தான். கூட ஒரு வழிகாட்டி அம்மாள்; ஐம்பது வயதிருக்கும். மொத்தம் ஒன்பது பேர்.

வெள்ளம் வராமலிருக்க லுவார் ஓரம் நெடுக உயரமான கரை போட்டிருக்கிறார்கள். கோடையில் நடுவே மணல் திட்டுகள். அத்தான் பார்த்துவிட்டு, "மாப்ளே, நம்ம அரசலாறு மாதிரியே இருக்குடா" என்றார். அகலத்தில் அரசலாறு எங்கே, லுவார் எங்கே! ஆனாலும் அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் பல வருஷமாகக் கேட்டதில்லை.

பாதை தவறிவிடுமோ என்ற பயமே வேண்டாம். மரத்திலும் மதிலிலும் வண்ணக் கோடுகள் தீட்டியிருக்கிறார்கள். வெள்ளையும் சிவப்பும் நெடும்பாதை. மஞ்சள் என்றால் உள்ளூர்ச் சிறு நடை. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இந்த நெடும்பாதை ஏற்பாட்டை 1947-ல், யுத்தம் முடிந்து இரண்டே வருஷத்தில், தன்னார்வலர்கள் ஆரம்பித்தார்கள். முதல் பாதையே இந்த லுவார் கரையில்தான். இன்றைக்கும் பெயின்ட் டப்பாவோடு கோடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே!

இரண்டாம் நாள் நடந்த விபரீதம்

எல்லாம் நன்றாகத்தான் போனது, இரண்டாம் நாள் மதியம் வரை.

அன்று காலை அத்தான் சாப்பிட்டது ஒரு க்ருவாஸான் ரொட்டியும் ஒரு காபியும். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கமான அளவில் போட்டுக்கொண்டார். எங்கள் குழுவில் நல்ல நடைக்காரர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களுக்குத் தான் சளைத்தவரில்லை என்று காட்ட, அத்தானும் அவர்களோடு முன்னால் போய்விட்டார். நாங்கள் பன்னிரண்டரை மணிக்கு மர நிழலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தபோது அவர் அங்கே இல்லை!

அடுத்த கிராமத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். அன்று திங்கட்கிழமை. அங்கே பல ஊர்களில் திங்கட்கிழமை ஓட்டல் திறப்பதில்லை.

அரை மணி கழித்து அந்த இருவரில் ஒருவர் ஓடி வந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது அத்தான் ஒரு கல் பெஞ்சில் சாய்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுக்கம். "அத்தான்!" என்று கூப்பிட்டால், யாரோ மாதிரி என்னைப் பார்க்கிறார். பேச்சு குழறுகிறது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். மீட்டரில் பார்த்தேன்... 54!

யாரோ சாக்லேட்டை நீட்டினார்கள். வழிகாட்டி அம்மாள் அதைத் தடுத்து, தன் பையிலிருந்து கட்டிச் சர்க்கரை நாலை எடுத்துத் தண்ணீரோடு கொடுத்தார். அவர் செய்ததுதான் சரி. சாக்லேட்டில் கொழுப்பு அதிகம். சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். நினைவு இருந்து, விழுங்கவும் முடிந்தால், 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ்தான்.

கால் மணியில் 88 வந்தது. அத்தான் மெல்லச் சிரித்தார். பிறகுதான் ரொட்டி சாப்பிட வைத்தோம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, இத்தனை வருஷம் வைத்தியம் பார்க்கிற நான், கிளம்புவதற்கு முன் அவரிடம் என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடல் உழைப்பு திடீரென்று கூடினால் மாத்திரை, இன்சுலின் அளவை அவருடைய டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். ஊருக்கெல்லாம் சொல்கிறவன், வீட்டு மனிதரிடம் கேட்காமல் விட்டேன்.

கடைசி ஆளின் வேகமே குழுவின் வேகம்

வழிகாட்டி அம்மாள் யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். அத்தானைத் தனக்கு அடுத்தபடி, வரிசையின் முன்னால் நிறுத்தினார். வேகமான இருவரையும் கடைசிக்கு அனுப்பினார்.

"இனிமே இவர் எவ்வளவு வேகமோ, அதுதான் எல்லோருக்கும் வேகம்!"

எவ்வளவு எளிய வைத்தியம், பாருங்கள். மெதுவாக நடப்பவரைப் பின்னால் விட்டால், மற்றவர்கள் நின்று காத்திருப்பார்கள். இவர் மூச்சிரைக்க வந்து சேரும் நேரத்தில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு வேண்டியவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது! முன்னால் விட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மீதி இரண்டு நாளும் அப்படியே நடந்தோம். ஐம்பது நிமிஷ நடை, பத்து நிமிஷ ஓய்வு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். திராட்சைத் தோட்டம், பாறையைக் குடைந்து கட்டிய வீடுகள், ஆற்றோர நாரைகள்... இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. சாப்பிட்டபின் அக்காவும் அத்தானும் தனியே ஆற்றங்கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார்கள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவையாம்!

சாப்பிட்டபின் சிறுநடை என்பது, தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி நமக்குச் சொல்லி வைத்ததுதான். உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன.

கிளம்புமுன் மூன்று மாதம்

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற பெற்றோர் இப்போது அதிகம். நடைப் பயணமும் போக ஆசைப்படுகிறீர்களா? டிக்கெட்டுக்கு முன்னால் கால்களைத் தயார் செய்யுங்கள்.

* முதல் இரண்டு வாரம் காலை, மாலை கால் மணி நேரம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். மூன்றாம் மாதம் முதுகில் இரண்டு கிலோ பையோடு பழகுங்கள்.

* ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடை வலி வந்தால் உடனே நின்றுவிடுங்கள்.

* ஷூவைச் சாயங்காலத்தில் வாங்குங்கள். அப்போதுதான் பாதம் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். ஒரு மாதம் வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள்.

* சர்க்கரைக்காரர்கள் தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி மரத்த காலுக்குக் கல் குத்தினாலும் தெரியாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். கொதிக்கிற வெந்நீரில் காலை வைக்காதீர்கள்.

* முட்டி, கெண்டைக்கால் வலிக்குக் கற்பூராதி தைலம் தேய்க்கலாம். விரல் இடுக்குகளில் மட்டும் எண்ணெய் வேண்டாம்; ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும்.

பிரான்ஸ் போகிறவர்களுக்கு

* மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு மணிவரைதான். அப்புறம் இரவு ஏழுக்கு மேல்தான் அடுப்பு எரியும். பையில் எப்போதும் ரொட்டியும் சர்க்கரைக் கட்டியும் இருக்கட்டும்.

* கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப் பெயர் இருக்கட்டும். இன்சுலின் கைப்பையில்தான்.

* பால், நெய், இறைச்சி சேர்ந்த பண்டங்களைப் பயணிகள் கொண்டுபோக ஐரோப்பிய யூனியனில் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. நெய் சேர்த்துக் கிண்டிய லேகியமும் இதில் மாட்டும். சித்த வைத்தியனே சொல்கிறேன், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!

* புல்வெளியில் நடந்த பின் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரைப் பாருங்கள்.

* விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பழைய வியாதிகளுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். அவசர உதவிக்கு 112.

வாய்க்கால் கரையும் நதிக்கரைதான்

"பிரான்ஸ் போக எங்ககிட்ட ஏது காசு டாக்டர்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காசு பெட்டி தூக்கும் வேனுக்குத்தான். நடைக்கு இல்லையே! வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உழைப்பாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் இருபத்திரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

சென்ற தை மாதம் அத்தான் நெடுங்காடு வந்திருந்தார். காலை ஆறு மணிக்கு வாய்க்கால் கரையில் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சட்டைப் பையில் சர்க்கரைக் கட்டி. முட்டி வலிக்கார எதிர்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"ஐயா, நீங்க முன்னால போங்க. உங்க வேகந்தான் எங்களுக்கும்!"

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்று அவர் வழக்கமாகத் திரும்புகிற மதகைத் தாண்டி, அடுத்த மதகு வரை போய்விட்டு வந்தார்.

நாளைக் காலை உங்கள் வீட்டிலும் யாரையாவது முன்னால் நடக்க விட்டுப் பாருங்களேன்!