உங்களுக்குத் தெரியுமா? இக்பாலின் தன்னிலைத் தத்துவமும் சென்னைச் சொற்பொழிவுகளும்

இறைவனில் தன்னைக் கரைத்துவிடுவதே, அதாவது 'ஃபனா' நிலையை எய்துவதே, ஆன்மிகத்தின் முடிந்த முடிபு என்று பாரசீக சூஃபிக் கவிதை மரபில் பலர் பாடிவந்திருக்க, கவிஞரும் தத்துவ அறிஞருமான முகம்மது இக்பால் 1915-இல் வெளியிட்ட 'அஸ்ராரே குதீ' என்னும் பாரசீகக் கவிதை நூலில், 'குதீ' எனப்படும் தன்னிலையை அழிக்காமல் உறுதிப்படுத்துவதே இறைநம்பிக்கையின் பணி என்று வாதிட்டார். கீழ்ப்படிதல், தன்னடக்கம், பூமியில் இறைவனின் பிரதிநிதியாக நிற்றல் என்னும் மூன்று படிகளில் அது முதிர்வதாக அவர் கொண்டார். முதற்பதிப்பில் கவிஞர் ஹாஃபிஸின் கவிதை மக்களைச் செயலற்றவர்களாக்கி மயக்குகிறது என்று சாடியதால் பெரும் எதிர்ப்பு மூள, அவ்வரிகள் அடுத்த பதிப்பில் நீக்கப்பட்டன. பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமியைக் குருவாக ஏற்றவர் ஹாஃபிஸை ஒதுக்கியது முரணாகத் தோன்றலாம். ரூமியிடம் அவர் கண்டது மயக்கத்தை அன்று, இயக்கத்தையே.

காதலைப் பாடிய இக்பால் பகுத்தறிவைப் பகைத்தார் என்பது அரைகுறையான எண்ணம். உள்ளுணர்வும் சிந்தனையும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்றும், சமய அனுபவத்தை அறிவாலும் அதன் விளைவுகளாலும் சோதிக்கலாம் என்றும் அவர் ஆங்கிலத்தில் விரிவாக விளக்கினார். அவ்விளக்கத்தின் முதல் மூன்று சொற்பொழிவுகள், மதராஸ் முஸ்லிம் சங்கத்தின் அழைப்பை ஏற்று, 1929 ஜனவரியில் சென்னையில் நிகழ்த்தப்பட்டவை. இவை உட்பட ஆறு சொற்பொழிவுகளின் தொகுப்பாக 1930-இல் லாகூரில் வெளியான நூல், பின்னர் லண்டனில் ஆற்றிய ஓர் உரையும் சேர்ந்து, 1934-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்தது.