இரட்டைப் பிளைவீல்

நான்கு சிலிண்டர்கள் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் என்ஜினில், கிராங்க் அச்சு ஒரு முறை சுழல்வதற்குள் இரண்டு முறை எரிபொருள் எரிந்து உந்துகிறது. ஆதலின் சுழற்சி சீராக இராது. துடித்துத் துடித்தே நிகழும். அச்சின் முனையிலுள்ள பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் இத்துடிப்பை ஓரளவே அடக்கும். எஞ்சியது கியர்ப் பெட்டியைச் சென்று தாக்கும்.

இரட்டைப் பிளைவீலிலோ சக்கரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று என்ஜினோடும், மற்றொன்று கிளட்சோடும் பிணைந்திருக்கும். இடையே, கிரீஸ் இட்ட வளைந்த சுருள்வில்கள் சுருங்கியும் விரிந்தும் துடிப்பை ஏற்றுக்கொள்கின்றன. அப்பால் செல்வது பெரும்பாலும் சீரான சுழற்சியே.

உயர்ந்த கியரில் மிக மெதுவாக ஓட்டி என்ஜினைத் திணறவைத்தால் ஒவ்வோர் உந்தலும் வலுத்து, வில்கள் விரைவில் தேயும். என்ஜினைக் கிளப்பும்போதோ நிறுத்தும்போதோ கடகடவென்னும் ஒலி எழுமாயின், காலம் தாழ்த்தாது சோதிப்பித்தலே சிக்கனமாகும்.