வில்லி நெல்சன் வாத்தியங்களைக் குறைத்தது ஏன்?

அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 1975 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்து கார்லண்டில் ஒரு புது ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, சில நாட்களிலேயே 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்தார். டேப்பைக் கேட்ட கொலம்பியா நிறுவன அதிகாரிகளுக்கு அது வெறும் மாதிரிப் பதிவாகவே பட்டது. ஆனால் இசை பற்றிய முடிவு பாடகருடையது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், ஆல்பம் அப்படியே அந்த ஆண்டு மே மாதம் வெளியானது. அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பிற்காலத்தில் அந்நாட்டு காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. எளிமை ஆடம்பரத்தை வென்ற கதையாகத்தான் பலரும் இதைச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். அந்த ஆல்பத்தில் எளிமை ஒரு கொள்கையாக வரவில்லை, கதை கேட்டதால் வந்தது என்பதே என் கட்சி.

கதை 1901-இல் நடக்கிறது. ஒரு போதகரை விட்டுவிட்டு அவர் மனைவி பழைய காதலனோடு போய்விடுகிறாள். போதகர் தேடிப்போய் இருவரையும் சுட்டுக் கொல்கிறார். பிறகு குதிரையில் ஊர் ஊராகத் திரிகிறார். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரில் 1970-களில் இருந்த முறைப்படி இதைப் பதிவு செய்திருந்தால், துப்பாக்கி வெடிக்கும் இடத்தில் வயலின்கள் உச்சத்துக்கு ஏறியிருக்கும். இங்கே அழ வேண்டும், இங்கே பதற வேண்டும் என்று கோரஸ் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். நெல்சனோ கொலையைச் சொல்லும்போது குரலைக்கூட உயர்த்துவதில்லை. பெரும்பாலும் அவருடைய நைலான் நரம்பு கிட்டார், அளவாக டிரம்ஸ், மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன், அக்கா பாபியின் பியானோ, அவ்வளவுதான். இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசியில், இரத்தம் சிந்தியபின், பாபி தனியாக ஒரு ஞானப்பாட்டின் மெட்டை வாசிக்கிறார். பாவமன்னிப்பு தேடுவோரை முன்னால் அழைக்கும் நேரத்தில் அமெரிக்கத் தேவாலயங்களில் பாடப்படும் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' அது. எத்தனையோ பேரை அப்படி அழைத்திருக்கக்கூடிய போதகர் இப்போது அழைப்பைக் கேட்கும் இடத்தில் நிற்கிறார். இதைப் பாட்டில் யாரும் விளக்குவதில்லை. சுற்றிலும் வேறு ஓசை இல்லாததால்தான் அந்தப் பியானோவுக்கு இவ்வளவு பொருள் கிடைக்கிறது. இரண்டாம் பக்கத்தில் டென்வர் நகரத்துக் கட்டம் ஒரு நிமிடம்கூட ஓடுவதில்லை; அதையடுத்து வார்த்தையில்லாத இரண்டு நடன மெட்டுகள் மட்டும். போதகருக்கு மறுபடி ஒரு துணை கிடைப்பதை அந்த நடனமே சொல்லிவிடுகிறது.

கையில் காசில்லை, அதனால் வாத்தியமும் இல்லை. தற்செயலை ஏன் கலையாக்க வேண்டும் என்று கேட்கலாம். செலவு சொற்பம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் அவர் வெளியிட்ட 'ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்' ஆல்பம் நிறைவான வாத்தியக் குழுவோடு பதிவானது. அதுவும் ஒரே கதைதான்: மணமுறிவை முதல் பக்கத்தில் மனைவியும் இரண்டாம் பக்கத்தில் கணவனும் சொல்கிறார்கள். ஆகவே, குழு வேண்டிய கதை எது, வேண்டாத கதை எது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு ஒன்று. கொல்லப்படும் பெண்களுக்கு இந்தக் கதையில் குரலே இல்லை. போதகரின் குதிரையைப் பிடிக்கப் போனதற்காக இன்னொரு பெண்ணும் சுடப்படுகிறாள். சட்டமும் போதகரை விட்டுவிடுகிறது. இதை நியாயப்படுத்த நான் முயல மாட்டேன். நாட்டார் கொலைப்பாட்டு மரபிலிருந்து வந்த கொடுமை அது, முன் ஆல்பத்தில் மனைவியை முதலில் பேசவிட்டவர் இங்கே அதைச் செய்யவில்லை. ஆனாலும் இசை கொலைகாரரின் பக்கம் சாய்ந்து அவரை வீரராக்குவதில்லை. கைதட்டத் தூண்டும் ஓர் இடம்கூட ஆல்பத்தில் இல்லை.

பாடலாசிரியர் என்று பெயர் வாங்கியவரின் ஆல்பத்தில் முக்கியமான பாடல்கள் பிறருடையவை என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. 1961-இல் பாட்ஸி கிளைன் பாடிப் புகழ்பெற்ற 'கிரேஸி'யை எழுதியவர் நெல்சன். இங்கே தலைப்புப் பாடலே கார்ல் ஸ்டட்ஸ், எடித் லிண்டமன் இருவரும் எழுதியது. பெரிய வெற்றியான 'ப்ளூ ஐஸ் கிரையிங் இன் த ரெயின்', ஃபிரெட் ரோஸ் எழுதி 1940-களிலேயே ராய் அகஃப் பாடிய பாட்டு. முப்பது ஆண்டு பழசான அந்தப் பிரிவுப் பாட்டு திடீரென்று எப்படிப் புதிதானது? அதை வைத்த இடத்தால்தான். கொலை முடிந்த கையோடு அது வருகிறது. பிரிவைப் பாடுகிறவரே அந்தப் பிரிவை உண்டாக்கியவரும் என்பதால், பழைய சொற்கள் எல்லாம் கனம் மாறிவிடுகின்றன. தனிப்பாட்டாக வானொலியில் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்களும் அதைக் கன்ட்ரி தரவரிசையில் முதலிடத்துக்கு ஏற்றினார்கள். பாடகராக நெல்சனுக்குக் கிடைத்த முதல் முதலிடம் அது. 1978-இல் 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்துக்காகப் பழைய அமெரிக்கத் திரை, மேடைப் பாடல்களை அவர் எடுத்தபோதும் நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தது. அதில் ஒரு பாட்டும் அவர் எழுதியதில்லை. கன்ட்ரி ஆல்பத் தரவரிசையில் அது ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நின்றது.